நாலு நிமிடம் ஓடி நின்றுபோகும் விலைத்திரை: ஸ்விட்சில் மல்டிகாஸ்ட் ரூட்டிங்

திங்கள் காலை 9:00 மணி. பங்குச்சந்தையில், வணிகம் திறப்பதற்கு முந்தைய ப்ரீ-ஓப்பன் நேரம் தொடங்குகிறது. டீலிங் ரூமில் விலைகள் ஓடுகின்றன. 9:04 தாண்டியதும் எண்கள் அப்படியே உறைந்துவிடுகின்றன. அப்ளிகேஷனை மூடித் திறந்தால் மறுபடி நாலு நிமிடம் ஓடும், பிறகு நிற்கும். பிங் போகிறது, இணையம் வருகிறது, ஸ்விட்சில் எந்தப் போர்ட்டும் இறங்கவில்லை. எல்லா விளக்கும் பச்சை.

மும்பையில் ஃபோர்ட், பிகேசி, லோயர் பரேல் தரகு அலுவலகங்களில் நெட்வொர்க் பார்ப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் ரயிலேறிப் போய் இந்த வேலையைப் பார்க்கும் நம் ஆட்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஒருவருக்கு மட்டும் அனுப்பும் யூனிகாஸ்ட் சரியாக ஓடும்போது, ஒரே தரவைப் பலருக்குச் சேர்த்து அனுப்பும் மல்டிகாஸ்ட் மட்டும் ஏன் இப்படி அடம்பிடிக்கிறது? கோளாறு கான்ஃபிகரேஷன் வரிகளில் இருப்பதைவிட, பாதை எந்தத் திசையில் போடப்படுகிறது என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதில்தான் அதிகம் இருக்கிறது.

ஏன் மல்டிகாஸ்ட்

அலுவலகத்தின் ஃபீட் சர்வர் எக்ஸ்சேஞ்ச் தரவை வாங்கி 60 மேசைகளுக்குக் கொடுக்கிறது, அதன் அளவு வினாடிக்கு 20 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். யூனிகாஸ்டாக அனுப்பினால் 60 பிரதிகள், மொத்தம் 1200 மெகாபிட். ஸ்விட்சுகளை இணைக்கும் ஒரு ஜிகாபிட் அப்லிங்க் அங்கேயே மூச்சுத்திணறும். மல்டிகாஸ்டில் அந்த அப்லிங்கில் போவது ஒரே 20 மெகாபிட். பாதை பிரியும் ஸ்விட்சில் மட்டும் நகல் எடுக்கப்படும்.

அலைவரிசையைவிட நுட்பமான இன்னொரு காரணமும் உண்டு. யூனிகாஸ்டில் சர்வர் ஒருவருக்குப் பின் ஒருவராகத்தான் அனுப்ப முடியும். வரிசையில் முதலில் நிற்பவருக்கு முதலில் கிடைக்கும். தேசியப் பங்குச்சந்தையின் கோ-லொகேஷன் (தரகர்கள் தங்கள் சர்வரை எக்ஸ்சேஞ்ச் வளாகத்திலேயே வைப்பது) சர்ச்சைக்கு மையமாக இருந்தது இதுதான். ஒவ்வொரு மாற்றத்தையும் தரும் டிக்-பை-டிக் தரவு ஆரம்பத்தில், ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பு வைக்கும் டிசிபி வழியாக, இணைந்த வரிசைப்படி போய்க்கொண்டிருந்தது. 2014-இல் மல்டிகாஸ்ட் வழி வந்தது. செபி 2019 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவும் அதன் மீதான மேல்முறையீடுகளும் தனிக் கதை. நமக்கு வேண்டியது, நகல் எடுக்கும் வேலை சர்வரிடமிருந்து ஸ்விட்சின் சிப்புக்குக் கைமாறுகிறது என்பது.

அழுத பிள்ளைக்குத்தான் பால்

யூனிகாஸ்டில் அனுப்புபவர் பெறுபவரின் முகவரியை எழுதுகிறார்; வழியிலுள்ள ரூட்டர்கள் அந்த முகவரியை நோக்கித் தள்ளுகின்றன. மல்டிகாஸ்டில் அனுப்புபவருக்கு யார் கேட்கிறார்கள் என்றே தெரியாது. ஒரு குழு முகவரிக்கு, உதாரணமாக 239.10.20.1-க்கு, பாக்கெட்டை விட்டுவிட்டு அவர் வேலையைப் பார்ப்பார். கேட்க விரும்பும் கணினிதான் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் முதல் ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்து அடுத்ததற்குப் போய், கடைசியில் சோர்ஸ் வரை ஏறும். தரவு அதே தடத்தில் இறங்கி வரும். குரல் எங்கே அறுபடுகிறதோ அங்கே பாலும் நின்றுவிடும்.

இந்தக் குரலுக்கு இரண்டு மொழிகள்:

1. ஐஜிஎம்பி. கணினிக்கும் அதன் பக்கத்திலுள்ள, ரூட்டிங்கும் செய்யும் லேயர் 3 ஸ்விட்சுக்கும் இடையிலான பேச்சு. ‘எனக்கு இந்தக் குழு வேண்டும்’ என்பது ரிப்போர்ட். ‘யாருக்காவது இன்னும் வேண்டுமா’ என்று அவ்வப்போது கேட்பது க்வெரி. கேட்பவர் பெயர் க்வெரியர். இதன் முதல் வடிவம் 1989-இல் ஆர்எஃப்சி 1112-இல் வந்தது. இன்று புழங்குவது இரண்டாம், மூன்றாம் வடிவங்கள்.

2. பிம். லேயர் 3 ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசுவது. ‘இந்தக் குழுவை எனக்கு அனுப்பு’ என்ற ஜாயின் செய்தி, ஒரு ஸ்விட்சிலிருந்து மேலேயுள்ள ஸ்விட்சுக்குப் போகும். 60 வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்.

நடுவில் இருக்கும், ரூட்டிங் செய்யாத லேயர் 2 ஸ்விட்ச் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளாது, ஒட்டுக்கேட்கும். அதுதான் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். எந்தப் போர்ட்டில் ரிப்போர்ட் வந்ததோ அந்தப் போர்ட்டுக்கு மட்டும் தரவை விடும். க்வெரியோ, பிம் தன் இருப்பை அறிவிக்கும் ஹலோவோ வரும் போர்ட்டை ‘எம்ரூட்டர் போர்ட்’ என்று குறித்துக்கொண்டு, கணினிகளின் ரிப்போர்ட்டை அந்தப் பக்கம் தள்ளும்.

அந்த நாலு நிமிடக் கணக்கு

ஐஜிஎம்பி தரப்படி க்வெரி 125 வினாடிக்கு ஒருமுறை போகும், பதிலுக்கு 10 வினாடி அவகாசம், ஒரு க்வெரி தவறினாலும் பொறுத்துக்கொள்ள 2 மடங்கு. 2 × 125 + 10 = 260 வினாடி. அதாவது 4 நிமிடம் 20 வினாடி. இதற்குள் ரிப்போர்ட் வராவிட்டால் அந்தப் போர்ட்டின் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படும்.

அப்ளிகேஷன் திறந்ததும் கணினி யாரும் கேட்காமலே ஒரு ரிப்போர்ட் அனுப்பும். ஸ்னூப்பிங் அதைப் பதிந்துகொள்ளும், விலை ஓடும். அதற்குப் பிறகு கணினி தானாக வாய் திறக்காது. க்வெரி வந்தால்தான் பதில் சொல்லும். அந்த வீலேனில் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்கில்) க்வெரியரே இல்லையென்றால் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை, 260-ஆவது வினாடியில் பதிவு அழிகிறது. சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் க்வெரி இடைவெளி இயல்பாகவே 60 வினாடி என்பதால், அந்த மதிப்பில் ஓடும் இடத்தில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலேயே விஷயம் முடிந்துவிடும். ‘சில நிமிடம் ஓடி நிற்கிறது’ என்று யார் சொன்னாலும் முதலில் க்வெரியரைத் தேடுங்கள்.

க்வெரியர் எப்படிக் காணாமல் போகிறது? பெரும்பாலும் இப்படித்தான்: ஃபீட் சர்வரும் மேசைகளும் ஒரே டீலிங் வீலேனில் இருக்கும் அலுவலகம்; அதன் கேட்வே (வீலேனிலிருந்து வெளியே போகும் வாசல்) நேற்றுவரை மையத்திலுள்ள கோர் ஸ்விட்சில் இருந்தது, அங்கே பிம் இருந்ததால் க்வெரியும் தானாகப் போய்க்கொண்டிருந்தது. பாதுகாப்புத் தணிக்கைக்காகக் கேட்வேயை ஃபயர்வாலுக்கு மாற்றுகிறார்கள். ஃபயர்வாலில் பிம்மும் ஐஜிஎம்பியும் இயக்கப்படவில்லை. கேட்வே இடம் மாறியது எல்லோருக்கும் தெரியும், க்வெரியரும் சேர்ந்து போனது யாருக்கும் தெரியாது. தீர்வு சின்னது: ஒரு ஸ்விட்சில் ‘ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் க்வெரியர்’ போட்டு, அந்த வீலேனில் அதற்கு ஒரு நிஜ ஐபி முகவரி கொடுங்கள். 0.0.0.0 முகவரியிலிருந்து வரும் க்வெரியைச் சில சாதனங்கள் மதிப்பதில்லை. ஸ்னூப்பிங்கையே அணைத்துவிடுவது இன்னொரு ‘தீர்வு’. விலை ஓடும், கூடவே அந்த வீலேனின் பிரிண்டர், கேமரா, போன் எல்லாவற்றுக்கும் 20 மெகாபிட் கொட்டும்.

முகவரியைத் தேர்ந்தெடுப்பது

மல்டிகாஸ்டுக்கு 224.0.0.0 முதல் 239.255.255.255 வரை ஒதுக்கீடு. இதில் மூன்று துண்டுகளை நினைவில் வைத்தால் போதும். 224.0.0 என்று தொடங்கும் 256 முகவரிகள் ரூட்டிங் நெறிமுறைகளுக்கானவை, எந்த ரூட்டரும் அவற்றை அடுத்த பக்கம் கடத்தாது. 232-இல் தொடங்குபவை சோர்ஸைக் குறிப்பிட்டுக் கேட்கும் எஸ்எஸ்எம் முறைக்கு. 239-இல் தொடங்குபவை நிறுவனத்துக்குள் புழங்க.

239-இல் எதை வேண்டுமானாலும் எடுக்கலாமா என்றால், இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மேக் என்பது லேயர் 2 ஸ்விட்ச் பார்க்கும் ஈதர்நெட் முகவரி; மல்டிகாஸ்ட் மேக் முகவரியில் 25 பிட் மாறாதது. மீதி 23 பிட்டில்தான் குழு முகவரி அடங்க வேண்டும். குழுவை அடையாளம் காட்டுவதோ 28 பிட். 5 பிட் விழுந்துவிடுவதால் 32 குழுக்கள் ஒரே மேக் முகவரியில் வந்து மோதும். 239.10.20.1, 239.138.20.1, 224.10.20.1 மூன்றும் மேக் அளவில் ஒன்றே. அதைவிட மோசம், 239.0.0.5 அல்லது 239.128.0.5 என்று எடுப்பது: இவை 224.0.0.5-இன் மேக்கோடு ஒன்றாகிவிடும். அது ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் நெறிமுறை பயன்படுத்தும் முகவரி. 224.0.0 குடும்பத்து மேக்குகளைப் பல ஸ்விட்சுகள் ஸ்னூப்பிங்கைப் பார்க்காமல் எல்லாப் போர்ட்டுக்கும் விடும். ஆகவே இரண்டாம் எண்ணில் 0, 128 இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

ஸ்விட்சில் போட வேண்டியவை

ஃபீட் சர்வர் 10.10.10.5, வீலேன் 10-இல். மேசைகள் வீலேன் 30-இல். நடுவில் சர்வர் பக்கம் ஒரு கோர், மேசைகள் பக்கம் ஒரு டிஸ்ட்ரிப்யூஷன் ஸ்விட்ச். கோரின் லூப்பேக் (எந்தப் போர்ட்டையும் சாராத கற்பனை இன்டர்ஃபேஸ்) 10.255.0.1. கட்டளைகள் சிஸ்கோ ஐஓஎஸ் வழக்கில். மற்ற நிறுவனங்களில் சொற்கள் மாறும், வரிசை மாறாது.

1. யூனிகாஸ்ட் ரூட்டிங் முதலில் சரியாக இருக்க வேண்டும். டிஸ்ட்ரிப்யூஷனிலிருந்து 10.10.10.5-க்கும் 10.255.0.1-க்கும் ரூட் தெரிய வேண்டும். பிம் தனக்கென ரூட் கற்பதில்லை, இருக்கும் அட்டவணையைத்தான் கடன் வாங்கும்.

2. இரண்டு ஸ்விட்சிலும் ‘ஐபி மல்டிகாஸ்ட்-ரூட்டிங்’. சில மாடல்களில் இதோடு ‘டிஸ்ட்ரிப்யூட்டட்’ என்ற சொல்லும் வேண்டும். நெக்சஸ் ஸ்விட்சாக இருந்தால் ‘ஃபீச்சர் பிம்’. கட்டளையே ஏற்கப்படவில்லை என்றால் லைசென்சைப் பாருங்கள். அடிப்படை லைசென்சில் முழு பிம் வராத மாடல்கள் உண்டு. இதை ஸ்விட்ச் வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

3. வீலேன் 10, வீலேன் 30, இரண்டு ஸ்விட்சுக்கும் இடையிலான லிங்கின் இரு முனை, கோரின் லூப்பேக், எல்லாவற்றிலும் ‘ஐபி பிம் ஸ்பார்ஸ்-மோட்’. சோர்ஸ் இருக்கும் வீலேன் 10-ஐ விட்டுவிடுவதுதான் பரவலான தவறு; ‘அங்கே கேட்பவர் யாருமில்லையே’ என்று நினைப்பார்கள். வீலேன் 30-இல் பிம் போட்டதும் ஐஜிஎம்பியும் க்வெரியும் தானாக வந்துவிடும்.

4. இரண்டு ஸ்விட்சிலும், கோரிலும்கூட, ‘ஐபி பிம் ஆர்பி-அட்ரஸ் 10.255.0.1’. ஆர்பி என்பது சந்திப்பிடம். கேட்பவருக்கு சோர்ஸ் எங்கே என்று தெரியாது, சோர்ஸுக்குக் கேட்பவரைத் தெரியாது. இருவரும் ஆர்பியில் சந்திப்பார்கள். தானியங்கி ஆர்பி அறிவிப்பு முறைகள் உண்டு. நாலைந்து ஸ்விட்ச் உள்ள அலுவலகத்துக்குக் கையால் எழுதுவதே நல்லது.

5. சோர்ஸ் இதுதான் என்று உறுதியாகத் தெரிந்து, அப்ளிகேஷனும் ஐஜிஎம்பி மூன்றாம் வடிவம் பேசினால், ஆர்பியையே தூக்கிவிடலாம். ‘ஐபி பிம் எஸ்எஸ்எம் டிஃபால்ட்’, வீலேன் 30-இல் ‘ஐபி ஐஜிஎம்பி வெர்ஷன் 3’, குழு முகவரி 232-இல் தொடங்க வேண்டும். என் பரிந்துரை இதுதான்: உடைவதற்கான இடங்கள் பாதியாகக் குறையும். ஆனால் பழைய அப்ளிகேஷன் இரண்டாம் வடிவத்தில் கேட்டால் ஸ்விட்ச் ஒரு சத்தமும் போடாமல் ஒதுக்கிவிடும்.

இன்னொன்றும் குழப்பும். ஒரே வீலேனில் இரண்டு லேயர் 3 ஸ்விட்ச் இருந்தால் ஐஜிஎம்பி க்வெரியராக ஆவது குறைந்த ஐபி உள்ளது. ஜாயின் அனுப்பும் பொறுப்பை ஏற்கும் பிம் டிஆர்-ஆக ஆவது, முன்னுரிமை சமமென்றால், அதிக ஐபி உள்ளது. இரண்டும் இரண்டு ஸ்விட்சாக இருப்பது கோளாறல்ல.

எம்ரூட் அட்டவணையை வாசிப்பது

எம்ரூட் என்பது ஸ்விட்ச் வைத்திருக்கும் மல்டிகாஸ்ட் பாதைகளின் அட்டவணை. ‘ஷோ ஐபி எம்ரூட் 239.10.20.1’ என்று டிஸ்ட்ரிப்யூஷனில் அடித்தால் இரண்டு பதிவுகள் தெரிய வேண்டும். ஸ்டார் கமா ஜி என்பது ‘யார் அனுப்பினாலும் சரி’ என்று ஆர்பியை நோக்கிப் போட்ட பாதை. எஸ் கமா ஜி என்பது 10.10.10.5-ஐ நோக்கிய நேர்ப்பாதை. முதல் பாக்கெட் ஆர்பி வழியாக வந்ததும் சோர்ஸின் முகவரி தெரிந்துவிடும், உடனே நேர்ப்பாதைக்குத் தாவும். சிஸ்கோவில் இதுவே இயல்பு.

ஒவ்வொரு பதிவிலும் பார்க்க வேண்டியவை இரண்டு வரிகள்:

இன்கமிங் இன்டர்ஃபேஸ், பக்கத்திலேயே ஆர்பிஎஃப் நெய்பர் (சோர்ஸையோ ஆர்பியையோ நோக்கிய அடுத்த ஸ்விட்ச்). கோரை நோக்கிய லிங்கும் கோரின் முகவரியும் இருந்தால் நலம். ஆர்பி இருக்கும் ஸ்விட்சின் ஸ்டார் கமா ஜி-யில் மட்டும் இது ‘நல்’ (வெற்று), 0.0.0.0 என்று இருப்பது இயல்பு. டிஸ்ட்ரிப்யூஷனில் அப்படி இருந்தால் ஜாயின் மேலே ஏறவே இல்லை.

அவுட்கோயிங் பட்டியல். வீலேன் 30 இருக்க வேண்டும். ‘நல்’ என்று வந்து, கொடிகளில் பி என்ற எழுத்தும் இருந்தால் கேட்பவர் யாருமில்லை என்று ஸ்விட்ச் நினைக்கிறது. கோளாறு கீழே, ஐஜிஎம்பியில்.

‘ஷோ ஐபி ஐஜிஎம்பி க்ரூப்ஸ்’ போட்டால் நீங்கள் கேட்காத 224.0.1.40 என்ற குழு எட்டிப்பார்க்கும். சிஸ்கோ தானே சேர்ந்துகொள்வது அது. கண்டுகொள்ள வேண்டாம்.

எங்கே உடைகிறது

ஆர்பிஎஃப் சோதனை. ‘இந்த சோர்ஸுக்கு யூனிகாஸ்ட் அனுப்பினால் எந்த இன்டர்ஃபேஸ் வழியாகப் போவேன்? அதே வழியாகத்தான் இந்தப் பாக்கெட் வந்ததா?’ என்று ஸ்விட்ச் ஒவ்வொன்றையும் கேட்கும். இல்லையென்றால் கீழே போட்டுவிடும். சுழல் உருவாகாமல் காப்பது இது. கோளாறு வரும் விதம்: சனிக்கிழமை இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவில் புது 10 ஜிகாபிட் லிங்க் போடுகிறார்கள். ஓஎஸ்பிஎஃப் அதைச் சிறந்த பாதையாகத் தேர்ந்தெடுக்கிறது. யூனிகாஸ்ட் பறக்கிறது. புது லிங்கில் பிம் வரியை எழுத மறந்துவிட்டார்கள். ஆர்பிஎஃப் இப்போது புது லிங்கைக் காட்டுகிறது. அங்கே பிம் நெய்பர் இல்லை. ஜாயின் அனுப்ப ஆளில்லை. பழைய லிங்க் எல்லா பிம் வரிகளோடும் சும்மா கிடக்கிறது. ‘ஷோ ஐபி ஆர்பிஎஃப் 10.10.10.5’ பத்து வினாடியில் இதைக் காட்டிக்கொடுக்கும். ‘ஐபி எம்ரூட்’ என்று நிலையான வரி எழுதிச் சமாளிக்கலாம்தான். அடுத்த மாற்றத்தில் அதுவே குழி பறிக்கும்; பிம் வரியைச் சேர்ப்பதே சரி.

டிடிஎல் 1. டிடிஎல் என்பது பாக்கெட் ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் எண்; மல்டிகாஸ்ட் சாக்கெட்டில் அதன் இயல்பான மதிப்பு 1. அப்ளிகேஷன் எழுதியவர் மாற்றாவிட்டால் பாக்கெட் முதல் லேயர் 3 ஸ்விட்சிலேயே செத்துவிடும். அடையாளம் தெளிவானது: சர்வரின் வீலேனில் உள்ள கணினிக்கு வரும், அடுத்த வீலேனுக்கு வராது. பல மாடல்களில் இந்தப் பாக்கெட்டுகள் ஸ்விட்சின் சிபியூவுக்குப் போய் அதையும் திணறடிக்கும். மாற்ற வேண்டியது சர்வரில். ஸ்விட்சில் எத்தனை மணி நேரம் தேடினாலும் கிடைக்காது.

இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள கணினி. ரிப்போர்ட் தவறான கார்டு வழியாகப் போகும். விண்டோசில் ‘நெட்ஷ் இன்டர்ஃபேஸ் ஐபி ஷோ ஜாயின்ஸ்’ எந்தக் கார்டில் எந்தக் குழு என்று சொல்லும். விபிஎன் மென்பொருள் உருவாக்கும் கற்பனைக் கார்டும் இந்தக் கணக்கில் சேரும்.

காலை வேளை வெள்ளம். இது பலரும் கவனிக்காதது. மேசைக் கணினிப் போர்ட்டில் ‘போர்ட்ஃபாஸ்ட்’ (இங்கே ஸ்விட்ச் இல்லை, கணினிதான் என்று சொல்லும் வரி) போடவில்லை என்றால், கணினி இயக்கப்படும் ஒவ்வொரு முறையும், லேயர் 2-இல் சுழலைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை ‘டோபாலஜி மாறியது’ என்று அறிவிக்கும். அப்போது சிஸ்கோ ஸ்விட்சுகள் ஸ்னூப்பிங் பதிவை நம்பாமல், இரண்டு க்வெரி கடக்கும்வரை மல்டிகாஸ்டை எல்லாப் பக்கமும் கொட்டும். 60 பேர் 8:45-க்கும் 9:10-க்கும் இடையில் ஒவ்வொருவராகக் கணினியை இயக்கினால் அந்த வெள்ளம் வடியவே வடியாது. பத்து மணிக்கு எல்லாம் தானாகச் சரியாகிவிடும், காரணம் யாருக்கும் பிடிபடாது.

வைஃபை. மல்டிகாஸ்ட் ஃப்ரேமுக்கு வைஃபையில் ‘கிடைத்தது’ என்ற பதில் கிடையாது, மறு அனுப்பல் கிடையாது, வேகமும் அடிப்படை விகிதத்துக்கு இறங்கிவிடும். விலைத்தரவை வைஃபையில் விடாதீர்கள்.

9:15 நெரிசல். சந்தை திறக்கும் நொடியில் தரவு ஒரே மூச்சில் பாயும். சராசரி 20 மெகாபிட் என்றாலும் சில மில்லி வினாடிகளுக்குப் போர்ட்டின் பஃபர் நிரம்பி வழியும். மறு அனுப்பல் இல்லாத யூடிபி என்பதால் போனது போனதுதான். ‘ஷோ இன்டர்ஃபேஸ்’ காட்டும் அவுட்புட் ட்ராப்ஸ் எண்ணை 9:14-க்கும் 9:16-க்கும் குறித்து ஒப்பிடுங்கள். ஒரே தரவை இரண்டு குழுக்களில் அனுப்பி, வரிசை எண் பார்த்து இடைவெளியை நிரப்பும் வழக்கம் எக்ஸ்சேஞ்ச் உலகில் வந்தது இதனால்தான்.

தேடும் வரிசை

சோர்ஸிலிருந்து தொடங்குவது இயல்பான ஆசை. பாதை கீழிருந்து மேலே போடப்படுவதால் தேடலும் அப்படியே போக வேண்டும்:

1. கணினி குழுவில் சேர்ந்திருக்கிறதா, சரியான கார்டிலா?
2. மேசைகள் இணைந்த அக்சஸ் ஸ்விட்சில் ‘ஷோ ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் க்ரூப்ஸ்’: அந்தப் போர்ட் பட்டியலில் உண்டா? க்வெரியர் யார்? எம்ரூட்டர் போர்ட் அப்லிங்கைக் காட்டுகிறதா?
3. டிஸ்ட்ரிப்யூஷனில் ‘ஷோ ஐபி ஐஜிஎம்பி க்ரூப்ஸ்’, பிறகு எம்ரூட்.
4. ‘ஷோ ஐபி ஆர்பிஎஃப்’ சோர்ஸுக்கு ஒருமுறை, ஆர்பிக்கு ஒருமுறை. ‘ஷோ ஐபி பிம் நெய்பர்’ பட்டியலில் அதே முகவரி உண்டா?
5. கோரில் ‘ஷோ ஐபி எம்ரூட் கவுண்ட்’: பாக்கெட் எண்ணிக்கை ஏறுகிறதா, ஆர்பிஎஃப் ஃபெயில்ட் எண் ஏறுகிறதா?
6. கடைசியாகத்தான் சர்வர்: டிடிஎல் எவ்வளவு, எந்தக் கார்டு வழியாக விடுகிறது?

மாற்றங்களைச் சனிக்கிழமை செய்தால் சோதிக்கச் சந்தைத் தரவு இருக்காது, நாமே உருவாக்க வேண்டும். சோதனைத் தரவு அனுப்பும் ஐபெர்ஃப் 2 என்ற கருவி இதற்குப் போதும். ஐபெர்ஃப் 3-இல் மல்டிகாஸ்ட் வசதி இல்லை. டிடிஎல்லைக் கையால் 8 என்று கொடுங்கள், இல்லையென்றால் அதுவும் 1-இல் நின்று உங்களை ஏமாற்றும். சோதனைக்கு நேரடித் தரவின் குழுவை எடுக்காமல் 239.10.99.1 போல வேறொன்றை எடுங்கள். ஓடத் தொடங்கியதும் எழுந்து போய்விடாமல், குறைந்தது பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்.